வெர்மான்ட் நாட்குறிப்பு: அனுமதி கேட்டுப் பேசிய எம்.எல்.ஏ.

பிப்ரவரி 27, 2025, வியாழன்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பர்லிங்டன் விமான நிலையத்தில் இறங்கியதும் அண்ணன் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். "அத்தை, இந்தச் செருப்போடயா வந்தீங்க?" காரில் எனக்காக ஒரு ஜோடி பூட்ஸ் தயாராக இருந்தது. முட்டி வரை வரும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் நெல் வயலில் சேற்றோடு நடப்பது போலவே இருக்கிறது, அதனால் சீக்கிரம் பழகிவிட்டது.

அவள் இங்கே நர்ஸ். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வீடு. பக்கத்து வீட்டு வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மண்வெட்டியால் பனியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். தன் வாசலை முடித்துவிட்டு எங்கள் வாசலுக்கும் வந்தார். "யாரும்மா இது?" என்று கேட்டேன். "எங்க எம்.எல்.ஏ., அத்தை" என்றாள்.

இங்கே 'ரெப்ரசென்டேட்டிவ்' என்பார்கள். எனக்கு எம்.எல்.ஏ. என்று எழுதினால்தான் கை ஓடுகிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் 28 வருஷம் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் கிராம சபைத் தீர்மானங்களோடும் மக்கள் கொடுத்த மனுக்களோடும் கழிந்தது. எம்.எல்.ஏ. என்றால் என் மனக்கண்ணில் என்னென்ன வரும் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டி வராது.

கணக்கு பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. வெர்மான்ட் மாநிலம் முழுவதற்கும் மக்கள்தொகை சுமார் ஆறரை லட்சம். பிரதிநிதிகள் அவையில் 150 பேர், செனட்டில் 30 பேர். பிரதிநிதி ஒருவருக்கு நாலாயிரத்து முந்நூறு பேர் போல வருகிறது. தமிழ்நாட்டில் ஒருவருக்கு மூன்று லட்சம் பேர். அவருக்கு நாலாயிரம் பேரையும் முகம் தெரியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாலாயிரம் பேருக்கும் அவர் வீடு தெரியும்.

நாளைக்குச் சட்டமன்றம் கூடுகிறதாம். "வருகிறீர்களா? காரில் இடம் இருக்கிறது" என்று அவரே கேட்டார். ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் நான் இதில் எழுதப் போவதில்லை. சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் அண்டை வீட்டார்.

பிப்ரவரி 28, வெள்ளி

மான்ட்பீலியர். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களிலேயே மிகச் சின்னது. சுமார் எட்டாயிரம் பேர். ஒரு பெரிய கிராமத்தின் நடுவில் தங்கக் கலசம் வைத்த கட்டடம் நிற்பது போல இருக்கிறது. பின்னால் குன்று, குன்றெல்லாம் வெள்ளை, அதன் முன்னால் பொன் முலாம் பூசிய குவிமாடம். உச்சியில் மரத்தில் செதுக்கிய பெண் சிலை, விவசாயத்தின் உருவம். 1850களில் வைத்த முதல் சிலை மக்கிப்போய், 1938இல் இரண்டாவது, அதுவும் மக்கிப்போய், 2018இல் மூன்றாவது. கல்லில் செய்திருந்தால் மாற்ற வேண்டியிருக்காதே என்று கேட்டேன். "மாற்றுவோம், அதனால் என்ன" என்றார் எம்.எல்.ஏ. அம்மா.

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்ல ஆளில்லை. நேராக உள்ளே போனோம். "உங்கள் அறை எங்கே?" என்று கேட்டேன். அறை இல்லை. உதவியாளர் இல்லை. சாதாரண உறுப்பினர் யாருக்குமே கிடையாது. குழு அறையில் ஒரு நாற்காலி, சபையில் ஒரு இருக்கை, மிச்சமெல்லாம் தோளில் தொங்கும் துணிப்பை. யாராவது பார்க்க வந்தால் சிற்றுண்டிச் சாலையில் ஒரு மேஜை. தொலைபேசி அடித்தால் அவரே எடுக்கிறார், கடிதம் வந்தால் அவரே பதில் எழுதுகிறார். ஜனவரியிலிருந்து மே வாக்கில் வரைதான் கூட்டத்தொடர். அந்த வாரங்களுக்குச் சம்பளம். மற்ற மாதங்களில் அவரவர் பிழைப்பை அவரவர் பார்க்க வேண்டும். இவர் நாலைந்து சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார்.

காலை ஒன்பதரைக்கு சபை கூடியது. நாளின் முதல் காரியம் ஒரு பிரார்த்தனை நேரம். சில நாள் பாட்டு, சில நாள் கவிதை என்றார்கள். பச்சைக் கோட்டு போட்ட பிள்ளைகள் இருக்கைகளுக்கு இடையே சீட்டுகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். மாநிலம் முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் இங்கே வேலை பார்க்க விடுகிறார்களாம். பிரதிநிதியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால், வெளியே நிற்கிற யாரும் சீட்டில் எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடுக்கலாம். நான் பார்க்கும்போதே ஒரு சிறுமி எங்கள் எம்.எல்.ஏ. அம்மாவிடம் நாலாக மடித்த சீட்டைக் கொடுத்தாள். அவர் பிரித்துப் படித்தார், எழுந்து வெளியே போனார், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

இந்த வருஷம் எங்கே திரும்பினாலும் பள்ளிக்கூடப் பேச்சு. இங்கே பள்ளிக்கான பணம் வீட்டு வரியிலிருந்து வருகிறது. ஊர் ஊராகப் பள்ளி பட்ஜெட்டுக்கு வாக்களிப்பார்கள், ஆனால் வரி எல்லாம் மாநிலத்தின் ஒரே கல்வி நிதிக்குப் போய்ச் சேர்ந்து பிரிகிறது. அதனால் தன் ஊர் சிக்கனமாக இருந்தாலும் வரி ஏறலாம். 2024இல் சராசரியாக 13.8 சதவீதம் ஏறியது. ஊர் மக்கள் கூடி வாக்களிக்கும் மார்ச் மாத ஊர்க் கூட்ட நாளில் பள்ளி பட்ஜெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை மக்கள் தோற்கடித்தார்கள். வரி மசோதாவை ஆளுநர் ஃபில் ஸ்காட் மறுத்துத் திருப்பி அனுப்ப, இரண்டு அவைகளும் ஜூனில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதைச் சட்டமாக்கின. நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு பலம் போய்விட்டது. இப்போது ஆளுநர் 119 பள்ளி மாவட்டங்களை (பள்ளிகளை நிர்வகிக்கும் பகுதிகளை) 5 ஆக்கலாம் என்று திட்டம் வைத்திருக்கிறார்.

சபை கலைந்த பிறகு நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து அம்மா ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டிய அறிக்கை. நான் பக்கத்தில் இருந்தேன். 'வரி மசோதா நிறைவேற்றப்பட்டது' என்று எழுதினார். அடித்தார். 'நிறைவேற்றினோம்' என்று மாற்றினார். அதையும் அடித்தார். 'நான் ஆதரித்து வாக்களித்தேன்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டியது. 'ஆவன செய்யப்படும்.' 28 வருஷத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்! செய்கிறவர் யார் என்று அதில் இருக்காது. எப்போது என்றும் இருக்காது. மனு கொடுத்தவர் அந்தத் தாளை வாங்கி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு போவார். அந்த முகங்கள் எல்லாம் இன்றைக்கு ஒன்றாக வந்தன.

மார்ச் 1, சனி

இன்று காலை குப்பை போடுகிற இடத்தில் மூன்று மணி நேரம். உண்மையாகத்தான்.

இந்த ஊர்களில் பல வீடுகளுக்குக் குப்பை வண்டி வராது. சனிக்கிழமை காலையில் வீட்டுக் குப்பையைத் தாங்களே காரில் ஏற்றிக்கொண்டு ஊர்க் குப்பை நிலையத்துக்கு வருகிறார்கள். அட்டை ஒரு தொட்டி, கண்ணாடி ஒரு தொட்டி, சமையல் கழிவு ஒரு வாளி. பணக்காரர், ஏழை, பேராசிரியர், மரம் வெட்டுகிறவர் எல்லாரும் வந்தாக வேண்டிய இடம். அதனால் எம்.எல்.ஏ.வும் அங்கே நிற்கிறார். அட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை, ஒரு பிளாஸ்கில் காபி, ஒரு சின்ன நோட்டு. நோட்டின் கம்பியில் ஒரு பென்சில் செருகியிருக்கிறது. பேனா மை உறைந்துவிடும் என்றார்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் துணை ஜனாதிபதி பனிச்சறுக்குக்கு வந்திருக்கிறார், சாலையோரம் பெரிய ஆர்ப்பாட்டம். பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மா கேட்டுக்கொண்டார், நோட்டில் எழுதவில்லை. நோட்டில் ஏறியவை வேறு: செவிலியர் உரிமம் புதுப்பிக்க எட்டு வாரமாகக் காத்திருக்கும் பெண், வீடில்லாமல் அரசு செலவில் மோட்டல் அறையில் தங்கவைக்கப்பட்டிருக்கும் தம்பிக்கு ஏப்ரலுக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்ட அண்ணன், பள்ளி வேன்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெரியவர் வந்தார். மாட்டுப்பண்ணைக்காரர், பக்கத்து ஊர். கையுறையைக் கழற்றாமலே பேசினார். அவர் பண்ணைக்குப் போகும் மண் சாலையில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. அதன் அடியில் மூன்றடிக் குழாய். 2023 ஜூலை வெள்ளத்தில் குழாயும் சாலையும் போயின. திரும்பப் போட்டார்கள். 2024 ஜூலையில், சரியாக அதே தேதிகளில், 10, 11இல், மறுபடி வெள்ளம், மறுபடி போயிற்று. ஆறு நாள் பால் லாரி வர வழியில்லாமல் கறந்த பாலைக் கீழே ஊற்றியிருக்கிறார். இப்போது தற்காலிகமாக அதே மூன்றடிக் குழாய்தான் இருக்கிறது. "இந்த ஜூலைக்கு முன்னாடி பெரிசா ஒண்ணு வருமா, வராதா?"

அம்மா வாக்குக் கொடுக்கவில்லை. ஓடையின் பெயரை, குழாயின் அளவை, எந்தக் கம்பத்துக்குப் பக்கம் என்பதை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர்க் கூட்டத்தில் சொல்கிறேன்" என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஏன் இத்தனை சிக்கல் என்று பிறகு காரில் விளக்கினார். வெள்ளத்தில் போன சாலைக்கும் பாலத்துக்கும் மத்திய அரசின் பேரிடர் முகமை, ஃபெமா, குறைந்தது 75 சதவீதம் கொடுக்கும். முதலில் ஊர் தன் கைக்காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும், பிறகுதான் பணம் வரும். அதுவும் முன்பு இருந்த அதே அளவுக்குத்தான். பெரிய குழாய் வேண்டுமென்றால், வெள்ளத்துக்கு முன்பே 'எங்கள் ஊரில் குழாய் இந்தத் தரத்தில்தான் போடுவோம்' என்று ஊர் விதி போட்டிருக்க வேண்டும். 2011இல் ஐரீன் புயல் அடித்தபோது வெர்மான்ட் ஊர்கள் பலவும் இதில் மாட்டிக்கொண்டன. நம் பக்கம் வாய்க்கால் மதகு உடைந்து, மதிப்பீடு மேலே போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த பருவமழை வந்துவிடும். மதகு பற்றிய கோப்பை நானே கையில் வைத்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. எனக்குப் பெரியவரின் கேள்வி வேற்று நாட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணன் மகளுக்கு விடுமுறை. "வெள்ளம் வெள்ளம்னு கேட்டுட்டே இருக்கீங்களே, வாங்க காட்டுறேன்" என்று பாரி நகரத்துக்கு அழைத்துப் போனாள். கருங்கல் ஊர். மலையையே வெட்டி எடுத்து உலகமெல்லாம் கல்லறைக் கல்லாக அனுப்பியிருக்கிறார்கள்.

1927 நவம்பர் வெள்ளத்தில் வெர்மான்டில் 84 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாநிலத்தின் துணை ஆளுநர், ஹாலிஸ்டர் ஜாக்சன். இந்த பாரியில்தான், தன் வீட்டுக்குப் பக்கத்தில், ஆறாக மாறிய ஓடை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய அணைகளில் ஒன்று, ரைட்ஸ்வில், 2023இல் விளிம்பை நெருங்கியது. தாண்டியிருந்தால் மான்ட்பீலியரின் கதி வேறாகியிருக்கும். தாண்டாமலே கடைவீதி முழுக்கத் தண்ணீரில் நின்றது.

ஆற்றோரத் தெருக்களில் ஆளில்லாத வீடுகள். அரசே விலைக்கு வாங்கி இடித்துவிடும். அந்த மனையில் மறுபடி யாரும் வீடு கட்ட முடியாது, திறந்த வெளியாகவே கிடக்க வேண்டும். ஒரு வீட்டின் திண்ணையில் ரோஜாத் தொட்டி இருந்தது, மண் உறைந்து கல்லாகி. திரும்பும் வழியில் பிளெயின்ஃபீல்ட். 2024இல் ஓடை பெருகி ஓர் அடுக்குமாடி வீட்டைப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு போன இடம்.

மாலையில் அம்மா அறிக்கையின் அந்தப் பத்தியைக் காட்டினார். 2024இல் வெர்மான்ட் ஒரு சட்டம் போட்டது: பெட்ரோலிய நிறுவனங்கள், 1995 முதல் 2024 வரை தங்கள் எரிபொருளிலிருந்து வெளியேறிய புகைக்கு, பருவநிலைச் சேதத்தில் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும். அமெரிக்காவிலேயே முதல் சட்டம். ஆளுநர் கையெழுத்துப் போடாமலே அமலுக்கு வந்தது. டிசம்பரில் வழக்கும் வந்துவிட்டது. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நான் ஆதரித்து வாக்களித்தேன். இதுவரை ஒரு டாலரும் வரவில்லை. எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது.'

மார்ச் 3, திங்கள்

வெளியே போகவில்லை. நாளைக்கு ஊர்க் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். கொண்டைக்கடலையை நேற்றிரவே ஊறப்போட்டாயிற்று. "காரம் கம்மியா போடுங்க அத்தை, பாவம்" என்றாள். கறிவேப்பிலை இல்லை, தேங்காய்த் துருவல் உறைபெட்டியில் இருந்தது.

கடலை வேகும்வரை ஊரின் ஆண்டறிக்கையைப் படித்தேன். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே எல்லாருக்கும் கிடைத்துவிடுகிற புத்தகம். எத்தனை டன் உப்பு, எத்தனை டன் மணல் சாலையில் கொட்டினார்கள், நாய்களுக்கு எத்தனை உரிமம், நூலகத்துக்கு எவ்வளவு, கல்லறைப் புல் வெட்ட எவ்வளவு, வரி பாக்கி வைத்திருப்பவர் யார் யார். பின்பக்கத்தில் பிறந்தவர், மணமுடித்தவர், இறந்தவர். வரவு செலவுக்கு நடுவே ஊரின் ஒரு வருஷ வாழ்க்கை. தணிக்கைக்கு மட்டும் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு, எழுந்து உட்கார்ந்து படிக்க வேண்டும் போல இருந்தது. அட்டை முதல் அட்டை வரை படித்தேன்.

பக்கத்து வீட்டில் நாள் முழுக்க விளக்கு எரிந்தது. அம்மா தொலைபேசியில் யாரிடமோ ஓடையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னது, குப்பை வாளியை வெளியே வைக்கப் போனபோது காதில் விழுந்தது.

மார்ச் 4, செவ்வாய்

மார்ச் மாதத்து முதல் செவ்வாய், ஊர்க் கூட்ட நாள். மாநில விடுமுறை. சட்டமன்றமும் இந்த வாரம் கூடுவதில்லை, உறுப்பினர்கள் ஊருக்குப் போய்க் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக. 1791இல் இதே மார்ச் 4ஆம் தேதிதான் வெர்மான்ட் அமெரிக்காவின் 14ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. அதற்கு முன் 14 வருஷம் தனி நாடாக இருந்திருக்கிறது. ஊர்க் கூட்டம் அதற்கும் மூத்தது.

அம்மாவின் தொகுதியில் இரண்டு ஊர். முதலில் பக்கத்து ஊருக்குப் போனோம், பெரியவரின் ஊர். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் இரும்பு நாற்காலிகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் கேக் விற்றுச் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் நடுவில் உட்கார வேண்டும். இல்லாதவர்களுக்குச் சுவரோரம் தனி வரிசை. நான் அங்கே உட்கார்ந்தேன். எம்.எல்.ஏ. அம்மாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்களுமா?" என்றேன்.

"இந்த ஊரில் எனக்கு ஓட்டு இல்லையே."

முதல் தீர்மானமே கூட்டத்தை நடத்துகிறவரைத் தேர்ந்தெடுப்பது. மாடரேட்டர் என்கிறார்கள். அவர் ஒரு தடித்த குரல்காரர், மர ஆலை வைத்திருப்பவர். இரண்டாவது தீர்மானம் முடிந்ததும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நம் பிரதிநிதி வந்திருக்கிறார். அவர் இந்த ஊர் வாக்காளர் அல்ல. பேச அனுமதிக்கலாமா? ஆட்சேபம் உண்டா?"

கூடம் அமைதியாக இருந்தது. சுவரோரம் நாற்காலியில் கையில் தாளை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அந்த ஊரின் வாக்கிலும் ஜெயித்தவர், அந்த ஊரிடம் அனுமதிக்காகக் காத்திருக்கிறார். ஐந்து விநாடி இருக்குமா? எனக்கு நீண்டுகொண்டே போனது. "ஆட்சேபம் இல்லை. பத்து நிமிஷம்" என்றார் மாடரேட்டர்.

அறிக்கை ஆறு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வரி: போன வருஷம் உயர்வுக்கு நான் வாக்களித்தேன், காரணம் இது. இந்த வருஷத்துக்கு டிசம்பரில் கணித்த சராசரி உயர்வு 5.9 சதவீதம், அதை இறக்க ஆளுநர் 7.7 கோடி டாலர் பொது நிதியிலிருந்து தரலாம் என்கிறார், அது ஒரு வருஷத்துக்குத்தான் தாங்கும். பள்ளி மாவட்டங்கள்: இன்னும் முடிவில்லை.

ஒரு இளம் தாய் எழுந்தார், இடுப்பில் குழந்தை. "இந்தப் பள்ளிக்கூடத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள். இதை மூடுகிற மசோதா வந்தால் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா?"

"இப்போது பேசுகிற வரைவுகளில் எதற்கும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தச் சின்னப் பள்ளியும் மூடாது என்று இங்கே நின்று சொல்ல மாட்டேன். சொன்னால் அது பொய்யாகலாம்."

"அது பதில் இல்லை" என்றார் அந்தப் பெண்.

"உங்களுக்கு வேண்டிய பதில் இல்லைதான்" என்றார் இவர். கூடத்தில் முணுமுணுப்பு. யாரும் கைதட்டவில்லை. அந்தத் தாயின் பக்கம்தான் எனக்கும் மனம் போயிற்று; பிள்ளை படிக்கிற கூடத்தில் நின்றே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறதே.

பிறகு பெரியவர் எழுந்தார். கேள்வியை அவர் கேட்கவே இல்லை, எழுந்து மட்டும் நின்றார். அம்மா நோட்டைத் திறந்தார். "சனிக்கிழமை கேட்டீர்கள். நேற்று போக்குவரத்துத் துறையிலும் பேரிடர் அலுவலகத்திலும் கேட்டேன். உங்கள் ஊர் பெரிய குழாய்க்கான விதியை முன்பே ஏற்றிருக்கிறது, அதனால் பணத்துக்குத் தகுதி உண்டு. ஆனால் வரைபட ஆய்வு முடியவில்லை. இந்த ஜூலைக்குள் வராது. இந்தக் கோடைக்கும் மூன்றடிக் குழாய்தான்."

பெரியவர் கொஞ்ச நேரம் நின்றார். "அப்போ ஜூன் மாசமே சரளை கொட்டி வெச்சுக்கணும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். சாலைப் பொறுப்பாளர் வரிசையிலிருந்து கை தூக்கி, "இருபது லோடு அந்த முனையிலேயே கொட்டி வைக்கிறேன்" என்றார். எழுத்தர் அம்மா குனிந்து அதை எழுதிக்கொண்டார்.

கெட்ட செய்திதான். ஆனால் ஜூலைக்கு நாலு மாசம் முன்பே கிடைத்த கெட்ட செய்தி. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஏற்பாடு செய்துகொள்ள முடிகிறது. 'ஆவன செய்யப்படும்' என்ற தாளோடு வீட்டுக்குப் போயிருந்தால் ஜூலை 10 வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அனுப்பிவைத்த தாள்களை நினைத்துக்கொண்டேன். அந்த நாற்காலியில் எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து பின்னால் போய் நின்றேன்.

அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஓடினோம். அங்கே பனி தள்ளும் லாரி வாங்குவதா, பழையதை இன்னொரு வருஷம் ஓட்டுவதா என்று ஒன்றேகால் மணி நேரம் விவாதம். திருத்தத்துக்கு ஒரு திருத்தம், அதற்கு வாய் வாக்கு, சந்தேகம் என்று எழுந்து நிற்க வைத்து எண்ணிக்கை. எழுத்தர் ஒவ்வொரு திருத்தத்தையும் உரக்க வாசித்துக் காட்டிய பிறகே வாக்கு. லாரி ஜெயித்தது. மதியம் கூட்டுச் சாப்பாடு. சுண்டல் பாத்திரம் காலி. பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி மட்டும் ஏழு வகை இருந்தது.

மார்ச் 5, புதன்

இன்றைக்கு வெயில். இரவில் உறைந்து பகலில் உருகினால்தான் மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும் என்பார்கள். காலையில் பின்புறத்து மரத்தில் தொங்கும் வாளியில் டொக், டொக் என்று சத்தம். விரலில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர்தான், அடிநாக்கில் மட்டும் ஒரு தித்திப்பு. நாற்பது குடம் காய்ச்சினால் ஒரு குடம் பாகு. அமெரிக்காவின் மேப்பிள் பாகில் பாதி இந்தச் சின்ன மாநிலத்தில் இப்படித்தான் வருகிறது.

பள்ளி பட்ஜெட்டுகள் இந்த முறை பெரும்பாலான இடங்களில் தேறிவிட்டன என்று வானொலியில் சொன்னார்கள்.

பத்து மணிக்கு அம்மா கூப்பிட்டார். நேற்று இரண்டு ஊரிலும் நாற்காலிகளில் கேள்வித்தாள் வைத்திருந்தார். இது இங்கே பழைய வழக்கம். பில் டாயில் என்ற செனட்டர் பல பத்தாண்டுகள் ஊர்க் கூட்டங்களில் கேள்வித்தாள் கொடுத்து எண்ணி வந்ததை இன்றும் பேசுகிறார்கள். பூர்த்தி செய்து வந்தவை ஒரு ஷூ பெட்டி நிறைய. அவருக்கு உதவ ஆளில்லை. எனக்குத் தாள் பிரிக்கத் தெரியும்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவர் கோடு போட்டு எண்ணினார். நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது. நம் முறையேதான். வரி அதிகம். வரி அதிகம், ஆனால் பள்ளியைத் தொடாதே. வாடகைக்கு வீடே இல்லை. வரி அதிகம். நூலகத்துக்கு இன்னும் கொஞ்சம் கொடுங்கள். 'நேற்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒன்று, கையெழுத்தோடு. அந்தத் தாளை அவர் தனியாக எடுத்து வைத்தார். இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

கடைசித் தாளில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை. வெற்றுத்தாள் என்று ஒதுக்கப் போனேன். திருப்பினால் பின்பக்கம் முழுவதும் பென்சில் படம். ஓடை, சாலை, மின்கம்பம், தண்ணீர் ஓடும் திசைக்கு ஓர் அம்பு, கரையில் சரளைக் குவியல். நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே கோடு இழுத்து, 'ஆறடி' என்று எழுதியிருந்தது.

அம்மா அதை மடிக்காமல், நோட்டின் நடுப்பக்கத்தில் வைத்து மூடினார். "அடுத்த செவ்வாய் மான்ட்பீலியர்" என்றார். கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிட்டது.